கம்பிவடத்தைப் பிடித்து ஏறிய டிராம்

வட லண்டனில் ஆர்ச்வேயிலிருந்து ஹைகேட் கிராமத்துக்கு ஏறும் ஹைகேட் ஹில் சாலை, மிகக் கடினமான இடத்தில் 11 அடிக்கு ஓர் அடி உயர்கிறது. இந்த ஏற்றத்தைத் தவிர்க்கவே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்தில் குன்றைக் குடைந்து சுரங்கவழி அமைக்க முயன்றார்கள். 1812 ஏப்ரலில் அது இடிந்து விழுந்தது. பிறகு குன்றையே ஆழமாக வெட்டிச் சாலை போட்டு, மேலே குறுக்காகச் சென்ற ஹார்ன்சி லேனைத் தாங்க ஜான் நாஷ் வடிவமைத்த வளைவுப் பாலத்தை எழுப்பினார்கள். ஆர்ச்வே பகுதிக்குப் பெயர் தந்தது அந்த வளைவுதான். லண்டன் தமிழர் நன்கறிந்த ஹைகேட் ஹில் முருகன் கோயிலும் இந்தப் புதிய சாலையில்தான் இருக்கிறது.

பழைய சாலையிலோ ஏற்றம் அப்படியே இருந்தது. ஆள் நிறைந்த டிராமை இழுத்துக்கொண்டு அதில் ஏறுவது குதிரைகளுக்கு ஆகாத வேலை. 1884 மே 29 அன்று அங்கே ஐரோப்பாவின் முதல் கம்பிவட டிராம் ஓடத் தொடங்கியது. ஆர்ச்வே டாவர்ன் மதுக்கடை அருகே புறப்பட்டு ஹைகேட் கிராமம் வரை சுமார் முக்கால் மைல் தூரம். தண்டவாள இடைவெளி 3 அடி 6 அங்குலம். 1873இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆண்ட்ரூ ஹாலிடி தொடங்கிய கம்பிவட டிராமில் பணியாற்றிய பொறியாளர் வில்லியம் எப்பல்ஷைமரின் அமைப்பு இது.

வண்டியில் எஞ்சின் கிடையாது. குன்றின் மேலிருந்த பணிமனையில் நீராவி எஞ்சின் சுழல, முனையற்ற எஃகுக் கம்பிவடம் சாலைக்கு அடியில் ஒரு குழாய்வழியில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். இரு தண்டவாளங்களுக்கும் நடுவே குறுகிய பிளவு. வண்டியிலிருந்து இறங்கும் இரும்புப் பிடி அந்தப் பிளவு வழியாக உள்ளே சென்று வடத்தைக் கவ்வும். ஓட்டுநர் பிடியை இறுக்கினால் வண்டி நகரும், தளர்த்தினால் வடம் வழுக்கிச் செல்லும். சட்டென்று இறுக்கினால் பயணிகள் தடுமாறி விழுவார்கள் என்பதால், முதலில் சற்று வழுக்கவிட்டு மெல்ல மெல்ல இறுக்குவதே கைப்பழக்கம். இறங்கும்போதும் பிடியை விடுவதில்லை. வடத்தின் வேகத்துக்கு மேல் வண்டி ஓட முடியாது. இறங்கும் வண்டியின் எடை, ஏறும் வண்டியை இழுக்கவும் உதவும்.

வண்டி நகரவில்லை என்றால் குறை எங்கே என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி இருந்தது. எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் நின்றால் எஞ்சினையோ வடத்தையோ பார்க்க வேண்டும். ஒரு வண்டி மட்டும் திணறினால் பெரும்பாலும் அதன் பிடியின் தாடைகள் தேய்ந்திருக்கும். தாடைகள் அடிக்கடி மாற்ற வேண்டியவை. வடமும் நாளடைவில் நீளும். அந்தத் தொய்வைப் பணிமனையில் எடை கட்டிய உருளைகள் இழுத்துப் பிடித்தன. பிடிக்க மறுக்கும் பிடியைவிட விட மறுக்கும் பிடியே ஆபத்தானது. கம்பிவட டிராம்கள் ஓடிய ஊர்களில் எல்லாம் அஞ்சிய கோளாறு இது: வடத்தில் ஓர் இழை அறுந்து பிடியைச் சுற்றிக்கொண்டால், ஓட்டுநர் என்ன செய்தாலும் வண்டி இழுபட்டுக்கொண்டே போகும். எஞ்சினை நிறுத்தினால்தான் நிற்கும். சாலைப் பிளவு இன்னொரு தலைவலி; சேறும் தண்ணீரும் அதன் வழியே உள்ளே இறங்கும். 1895இல் தொடங்கிய சென்னை மின்சார டிராம், மின்சாரத்தையே இப்படிப் பிளவு வழியாக நிலத்தடியிலிருந்து எடுத்தது. பருவமழை அதைப் பாழாக்க, மேல்கம்பிக்கு மாற வேண்டியதாயிற்று.

கோயில் தேரில் வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கில் இருந்தாலும், உயிர்களைக் காப்பது முட்டுக்கட்டை போடும் சிலரின் கையே. ஹைகேட் ஏற்றத்திலும் அப்படித்தான். பிடி விட்டுப்போனால் வண்டியைத் தாங்க பிரேக் ஒன்றே மிச்சம். 1892 டிசம்பரில் நடந்த விபத்துக்குப் பின் தடம் மூடப்பட்டு, 1897இல்தான் மீண்டும் திறந்தது. விபத்துக்கு முன்பே, 1888இல், எடின்பரோவிலும் பர்மிங்காமிலும் கம்பிவட டிராம்கள் ஓடத் தொடங்கியிருந்தன. ஆனால் மின்மோட்டார் வந்ததும், இழுக்கும் விசையை வண்டிக்குள்ளேயே வைக்க முடிந்தது. 1909இல் லண்டன் மாவட்ட மன்றம் கம்பிவடத்தை நிறுத்தி, இன்னும் அகலமான தடம் போட்டு, அடுத்த ஆண்டு மின்சார டிராமை ஓட்டியது.

1939 டிசம்பரில் டிராமுக்குப் பதிலாக 611ஆம் தட டிராலிபஸ் (மேல்கம்பி மின்சாரப் பேருந்து) வந்தது. மோட்டாரின் வலு இப்போது கவலையே இல்லை. எனினும் இந்தச் சாலைக்கென்றே அந்த வண்டிகளில் இரண்டு கூடுதல் பிரேக்குகள் இருந்தன: ஒன்று இறக்கத்தில் வேகம் மீறாமல் தடுக்க, மற்றொன்று ஏறும்போது மின்சாரம் நின்றால் வண்டி பின்னோக்கி உருளாமல் பிடிக்க. 1960 ஜூலையில் அவையும் விலகி, 271ஆம் தட டீசல் பேருந்துகள் ஏற்றத்தை எடுத்துக்கொண்டன.