மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின்

யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஓடித்திரியும் ஒஸ்ரின் ஏ40 கார்களைக் காணும் வெளியூர்ப் பிரயாணிகள், இவ்வூரார் பழம்பொருள்களிடத்துப் பெரும்பற்றுடையவர்கள் போலும் என்று வியந்து படம்பிடித்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. அவர்கள் வியப்பது நியாயமே. ஆனால் அதற்கு அவர்கள் கற்பிக்கும் காரணம் பொருத்தமானதன்று. அந்தக் கார்கள் அழகு கருதியோ அபூர்வம் கருதியோ காப்பாற்றப்பட்டவையல்ல. வேறொன்று வாங்க வழியற்றிருந்த மக்கள், கையிலிருப்பதை விட்டால் கதியில்லை என்ற நிலையில், வீட்டு வளவுக்குள்ளேயே பிரித்தும் பூட்டியும், வெட்டியும் ஒட்டியும், பல தசாப்தங்களாக ஓட்டத்தில் வைத்திருந்தவை. இப்பொழுது ஓரளவு ஓய்வும் பொருள்வசதியும் வாய்த்தபின், தகப்பனார் காலத்துக் காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவரவேண்டும் என்று முற்றத்தில் கூடாரம் போட்டுக்கொண்டு இறங்கியிருக்கும் பிள்ளைகள், எந்தப் பழைய நிலைக்கு என்ற கேள்வியைத் தம்மைத்தாமே முதலில் கேட்டுக்கொள்ளல் வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதற்கு அந்தக் காரின் சரித்திரம் தெரிந்திருத்தல் அவசியம்.

அது இங்கிலாந்தில், பர்மிங்ஹாம் நகரை அடுத்த லோங்பிரிட்ஜில், 1905ஆம் ஆண்டில் ஹேர்பேட் ஒஸ்ரின் நிறுவிய தொழிற்சாலையில் தொடங்குகிறது. இரண்டாம் உலக மகாயுத்தம் பிரிட்டனைக் கடனாளியாக்கி விட்டிருந்தபடியால், செய்யும் காரை வெளிதேசங்களுக்கு அனுப்பும் கம்பனிகளுக்கே உருக்கு என்று அந்நாட்டு அரசாங்கம் விதித்திருந்த காலத்தில், 1947இல், ஏ40 டெவொன் வெளிவந்தது. உறுதியான தனி அடிச்சட்டம், அதன்மேல் நான்கு சிலிண்டரும் 1200 கன சென்ரிமீற்றரும் கொண்ட எஞ்சின், வால்வுகள் மேலிருந்து இயங்கும் அமைப்பு, நான்கு கியர் ஆகிய இவையே அதன் இலட்சணம். யுத்தம் தொடங்கிய 1939 முதல் 1953 வரையில் பிரிட்டனில் கம்பனிகளின் தனிப்பெயர்கள் யாவும் நீக்கப்பட்டு, எல்லோருக்கும் ஒரே பொதுப் பெற்றோலே வழங்கப்பட்டது; அது தரத்தில் மிகத் தாழ்ந்தது. அந்த மட்டமான எரிபொருளைக் குடித்தும் இடிக்காமல் ஓடவேண்டும் என்பதற்காக, எஞ்சினுக்குள் காற்றும் எரிபொருளும் அமுக்கப்படும் விகிதத்தை ஏழுக்குச் சற்று மேல் என்ற அளவிலேயே பொறியியலாளர் நிறுத்திக்கொண்டனர். இக்காலத்துப் பெற்றோல் எஞ்சின்களில் அது பத்தையும் தாண்டும். ஒரு யுத்தத்தின் தட்டுப்பாட்டுக்காக வகுக்கப்பட்ட இந்த அடக்கமான விகிதம், நாற்பது ஆண்டுகளின் பின் ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வேறொரு யுத்தத்தின் தட்டுப்பாட்டில் எத்தகைய பேருபகாரமாய் வந்து வாய்க்கும் என்பதை அவர்கள் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்.

1952இல் சோமர்செட்டும், 1954இல் கேம்பிரிட்ஜும் டெவொனைத் தொடர்ந்தன. 1948இல் சுதந்திரமடைந்த இலங்கை அப்பொழுது ஸ்ரேர்லிங் நாணய வட்டத்துக்குள் இருந்தது. கொரியா யுத்தத்தின்போது இறப்பர் விலை உயர்ந்து நாட்டில் பணமும் புழங்கிற்று. யாழ்ப்பாணத்தில் டாக்டர்மார், நியாயதுரந்தரர், சுருட்டு வியாபாரிகள், மலாயாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்று ஊர் திரும்பிய மலாயன் பென்சனியர்மார் ஆகியோரின் வீட்டு வாயில்களில் ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் வந்து நின்றன. இலக்கத்தகட்டில் சிங்கள ஸ்ரீ பொறிக்கவேண்டும் என்ற விதி 1957இல் வருமுன் பதிவானவையாதலால், இரண்டு ஆங்கில எழுத்துகளோடு கூடிய பழைய இலக்கங்களை அந்தக் கார்கள் இன்றும் தாங்கி நிற்கின்றன. அந்த ஸ்ரீயினால் விளைந்த கிளர்ச்சிகளையும் அனர்த்தங்களையும் அறிந்த குடும்பங்களுக்கு அந்த இரண்டு எழுத்துகள் வெறும் இலக்கமல்ல.

அதன்பின் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. அறுபதுகளில் இறுகத் தொடங்கிய இறக்குமதிக் கட்டுப்பாடு, 1970 முதல் 1977 வரையிலான காலத்தில் உச்சத்தை எட்ட, புதுக்கார் என்பது பெரும்பாலோருக்கு எட்டாக்கனியாயிற்று. 1977க்குப் பின் கதவு திறந்தபோது கொழும்பு ஜப்பானியக் கார்களுக்கு மாறிற்று. வடக்கிலோ அந்த மாற்றம் நிறைவேறுமுன் 1983இல் யுத்தம் வந்துவிட்டது. இதற்கிடையில் காரைத் தேவைக்கேற்ப மாற்றியமைக்கும் வித்தை இங்கே நன்றாக வேரூன்றியிருந்தது. கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்குமிடையே சந்தைச் சாமான்களையும் சனங்களையும் ஒருங்கே ஏற்றியோடிய தட்டிவான்களைப் பார்த்தவர்களுக்கு, பழைய லொறியின் அடிச்சட்டத்தின்மேல் மரத்தினால் உடல் கட்டும் எங்கள் தச்சர்களின் திறமையைப்பற்றி நான் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை.

1990ஆம் ஆண்டு ஆனியில் யுத்தம் மறுபடி மூண்டதும், யாழ்தேவி ரயில் நின்றது, மின்சாரம் நின்றது, ஆனையிறவுப் பாதை மூடுண்டது. பெற்றோலும் டீசலும் பற்றரியும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் கொண்டுவரப்படலாகாத பொருள்களாயின. விளக்கெரிப்பதற்கென மட்டாய் வந்த மண்ணெண்ணெயே மக்களுக்கு எஞ்சிய எரிபொருள். பள்ளிப்பிள்ளைகள் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்துச் சிறிதளவு எண்ணெயூற்றி எரித்த விளக்கின் முன்னிருந்து படித்த அந்த நாட்களில், அதே எண்ணெயைக் கொண்டே ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் கர்ப்பிணிகளையும் காயம்பட்டவர்களையும் ஆசுபத்திரிக்குக் கொண்டுசென்றன.

பெற்றோல் காருக்கு மண்ணெண்ணெய் ஊற்றினால் அது தானே ஓடிவிடுமென்று எவரும் நினைக்கலாகாது. மண்ணெண்ணெய் 150 பாகை செல்சியசுக்கு மேலேயே கொதித்து ஆவியாகத் தொடங்குவது. குளிர்ந்திருக்கும் எஞ்சினில் அது துளித்துளியாய் நனைத்து நிற்குமேயன்றித் தீப்பற்றாது. ஆகையால் காற்றுவடியைக் கழற்றி, செனித் காபரேற்றரின் தொண்டைக்குள், சிறு போத்தலில் பொன்போலப் பேணிவைத்திருக்கும் பெற்றோலில் சில துளிகளை விட்டு, பற்றரி இல்லாத குறையை முன்புறத்துத் துவாரத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றியோ நாலுபேர் கூடித் தள்ளியோ தீர்த்து, எஞ்சின் பிடித்துக்கொண்டதும், அது அணைந்துவிடாதபடி மேலும் சில துளிகள் விட்டுச் சூடேற்றி, அதன் பின்னரே மண்ணெண்ணெய்க்கு விடவேண்டும். இடியைத் தவிர்ப்பதற்காக டிஸ்ரிபியூற்றரைச் சற்றே திருப்பிப் பொறி விழும் நேரத்தைப் பிந்தச் செய்யவேண்டும். பிளக்குகளில் கரி அடிக்கடி படியும். கழற்றித் துடைத்துப் பூட்டவேண்டும். நிறுத்தினால் மீண்டும் பெற்றோல் செலவாகுமாதலால், சிறிது நேரம் தரிக்கும் இடங்களில் எஞ்சினை ஓடவிட்டபடியே சாரதி காத்திருப்பார்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய அபாயம் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து ஒயிலோடு கலந்துவிடும். நாளுக்கு நாள் ஒயில் குறையவேண்டியிருக்க, அளவுகம்பியை எடுத்துப் பார்த்தால் மட்டம் ஏறியிருக்கும். இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தால் வழுவழுப்பின்றித் தண்ணீர்போல் ஓடும். அதைக் கவனியாது ஓட்டியவர்களின் பெயரிங்குகள் தேய்ந்து எஞ்சின் தட்டத் தொடங்கிற்று; கவனித்தவர்களின் எஞ்சின்கள் அந்த யுத்தத்தையும் கடந்து இன்றும் இருக்கின்றன. மண்ணெண்ணெயில் ஓடும் உழவு யந்திரங்களை ஃபோர்ட்சனும் ஃபேர்குசனும் முன்னரே செய்திருந்தார்கள் என்பது மெய். ஆனால் அவை தொழிற்சாலையிலேயே அதற்கென வகுக்கப்பட்டவை. இங்கே மின்சாரமும் உதிரிப்பாகமும் இல்லாத ஓலைக்கொட்டில்களில், பலபேர் கண்டும் கேட்டும் சோதித்தும் அந்த ஞானத்தைச் சொந்தமாக ஆக்கிக்கொண்டார்கள். தமிழ் மக்களின் விஞ்ஞான சரித்திரம் என்று ஒன்று எழுதப்படுமானால் இந்த ஞானத்துக்கு அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கவேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

1995 ஐப்பசி இறுதியில், யுத்தம் நெருங்க, வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். அதன்பின் வந்த ஆண்டுகளைப்பற்றி இங்கே விரிப்பதற்கில்லை. 2002 சித்திரையில் ஆனையிறவு வழியாகச் செல்லும் ஏ9 பாதை திறக்க, பெற்றோலும் ஜப்பானியக் கார்களும் ஒருங்கே வந்தன. 2006இல் மூடிய அதே பாதை யுத்தம் முடிந்தபின் மறுபடி திறந்தது. அப்பொழுது, இனி வேண்டாமென்று சிலர் ஒஸ்ரின்களைத் தள்ளிவிட்டார்கள். வாடகைக்கு ஓடுகிறவர்கள் பழைய உடலுக்குள் ஜப்பானிய டீசல் எஞ்சினைப் பொருத்திக்கொண்டார்கள். இதைக் குறைகூறுவோர் உண்டு. நான் அவர்களோடு சேரேன். ஜீவனோபாயத்துக்கு ஓடும் வண்டி மாறிக்கொண்டே வந்ததனாலேயே இதுவரை நிலைத்திருக்கிறது.

என் ஆதங்கம் வேறு. லோங்பிரிட்ஜிலிருந்து வந்த நாளில் எப்படியிருந்ததோ அப்படியே ஆக்கவேண்டும் என்ற வைராக்கியத்தோடு வீட்டில் வேலை தொடங்குவோர், முதலில் கழற்றி எறிவது யாழ்ப்பாணம் அந்தக் காருக்குக் கொடுத்த பாகங்களையே. வடமராட்சியில் ஒரு வீட்டு வளவில் அண்மையில் ஒரு டெவொனைப் பார்த்தேன். உப்புக்காற்றில் தரைத்தகடு இற்றுப்போனதால் உடலைத் தூக்கி மரக்குற்றிகளின்மேல் வைத்துவிட்டு, அடிச்சட்டத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். எஞ்சினருகே, பெற்றோல் போத்தலைச் செருகுவதற்காகக் கட்டுக்கம்பியை முறுக்கிச் செய்த வளையம் ஒன்று துருவேறி இருந்தது. பக்கத்தில், பழைய ரியூப்பை வெட்டிச் செய்த வாசர்கள். குப்பைக்கென ஒதுக்கியிருந்த அந்த வளையத்தை மீண்டும் பூட்டிவிடும்படி வேண்டிக்கொண்டேன். செனித்துக்கு வேண்டிய உதிரிகளை இங்கிலாந்திலிருந்து தபாலில் தருவித்துக்கொள்ளலாம். அந்தக் கம்பிவளையத்தை எங்கிருந்தும் தருவிக்க இயலாது. அதை முறுக்கியவர் யாரென்று சொல்லக்கூடிய முதிய மெக்கானிக்குமார் இன்னும் சிலராவது ஊரில் இருக்கும்போதே, கேட்டு எழுதிவைத்தலும் காரைத் திருத்துவதன் ஓர் அங்கமே.

அந்த வடமராட்சி வீட்டார் என்னிடம் கேட்ட சந்தேகம் பிறேக்கைப்பற்றியது. டெவொனுக்கு முன்சக்கரங்களில் மட்டுமே திரவ அழுத்தத்தால் இயங்கும் பிறேக். பின்சக்கரங்களுக்குக் கம்பிகளால் இழுக்கும் பழைய முறை. அதை அப்படியே வைப்பதா, நான்கு சக்கரத்துக்கும் திரவ அழுத்தம் கொடுத்த சோமர்செட்டின் முறைக்கு மாற்றுவதா என்றார்கள். வீட்டிலுள்ள குழந்தைகளை ஏற்றிக்கொண்டு, பஸ்களும் லொறிகளும் விரையும் இன்றைய ஏ9 பாதையில் ஓடப்போகும் வண்டி அது; தயக்கமின்றி மாற்றுங்கள் என்றேன்.