அம்மை குத்த வந்தவர்கள்

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்தில் அம்மை குத்துகிறவர் வருகிறார் என்று தெரிந்தால் பிள்ளைகளைக் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்களாம். ஆயா சொல்லும். "ஆத்தா வெளையாட வந்திருக்கா, அவள ஊசியால குத்தி வெரட்டுவானா?" என்று பக்கத்து வீட்டுக்காரி மண்ணை வாரித் தூற்றியதையும் சிரித்துக்கொண்டே சொல்லும். அந்தச் சிரிப்பை வைத்து நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். காலனிய மருத்துவ அதிகாரத்துக்கு எதிரான விளிம்புநிலை உடலின் மறுப்பு, இத்யாதி. அப்போதுதான் ஃபூக்கோவைப் படித்திருந்தோம்.

2020 ஏப்ரல் 19 இரவுக்குப் பிறகு அந்தக் கட்டுரையை என்னால் எடுத்துப் படிக்க முடியவில்லை. சென்னையில் கொரோனாவுக்குப் பலியான நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் புதைக்க விடவில்லை. வேலங்காட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கியது, கூட வந்த ஊழியர்களுக்கு ரத்தக் காயம். சக மருத்துவர் பிரதீப்குமார் நள்ளிரவில் போலீஸ் காவலோடு உடலைத் திரும்பக் கொண்டுவந்து, மருத்துவமனை ஊழியர் இருவரோடு சேர்ந்து மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் மண் தள்ளி மூடினார். அதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 2019 ஏப்ரல் 19 அன்று, காங்கோவின் புட்டெம்போவில் எபோலா பணியிலிருந்த மருத்துவர் ரிச்சர்ட் மூசோக்கோ சுட்டுக்கொல்லப்பட்டார்.

இவற்றையெல்லாம் 'அறியாமை' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவது நாளிதழ்களுக்கு வசதி. 'எதிர்ப்பு' என்கிற சாக்கு நமக்கு வசதி.

அவநம்பிக்கைக்குச் சரித்திரம் உண்டு என்பதை நான் இப்போதும் மறுக்கவில்லை. 1897இல் புனேயில் பிளேக்கைத் தேடுகிறேன் என்று சிப்பாய்கள் வீடு புகுந்தார்கள். ஜூன் 22 அன்று பிளேக் அதிகாரி ராண்டைச் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். திருவள்ளுவர் உருவம் பொறித்த பொற்காசு வெளியிட்டவர் என்று நாம் கொண்டாடும் எல்லீசனை எடுத்துக்கொள்வோம். அம்மை குத்துவதைப் பசுவின் கொடையாகக் காட்ட ஒரு பாடல் இயற்றினார். அதைப் பழைய தாளில் எழுதிக் கண்டெடுத்ததாகச் சொன்னார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிவு இருக்கிறது. நல்லதுக்குச் சொன்ன பொய்தான். ஆனால் 2011இல் பின்லேடனைத் தேட சி.ஐ.ஏ. அப்போட்டாபாத்தில் நடத்திய போலித் தடுப்பூசி முகாமும் பொய்தானே? அதற்கடுத்த ஆண்டு டிசம்பரில் பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப்போன பெண்கள் சுடப்பட்டார்கள். பொய் சொன்னவன் ஒருவன், குண்டு பாய்ந்தது வேறொருத்தி மேல்.

எங்கள் ஊரிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் நின்று பார்த்தால் இது இன்னும் விளங்கும். கல்வராயன் மலையாளிகள் 1976 வரை ஜாகீர்தார்களின் கீழ் வெட்டிவேலை செய்தவர்கள். வெள்ளைச்சட்டை போட்டு மலையேறி வருகிறவனை அவர்கள் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள்? அன்றைய தென் பீகாரில், எழுபதுகளின் பெரியம்மை ஒழிப்பின்போது, ஒரு ஹோ பழங்குடித் தலைவரின் கதவை இரவில் உடைத்து, அமுக்கிப் பிடித்து ஊசி குத்தினார்கள். குத்தி முடித்ததும் அவர் தோட்டத்தில் பழுத்திருந்த ஒரே வெள்ளரிக்காயைப் பறித்து வந்து, வந்தவர்களில் ஒரு மருத்துவருக்குக் கொடுத்தார். குத்தினவர்களே எழுதிவைத்த செய்தி இது.

வேலங்காட்டில் யார் கதவை யார் உடைத்தார்கள்? யாரும் ஊசியோடு வரவில்லை. வந்தது பிணம். அங்கே வேலைசெய்தது, ஊருக்குள் எந்த உடல் வரலாம், எந்த உடல் வரக்கூடாது என்று நமக்கு நன்றாகப் பழகின கணக்கு. கிருமிக்குப் பயந்தார்கள் என்கிறார்கள். இருக்கலாம். தீட்டு என்ற சொல்லை விட்டுவிட்டு அந்தப் பயத்தை என்னால் எழுத முடியவில்லை.

மூன்றே நாளில் அவசரச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஐந்தாண்டு வரை, கொடுங்காயம் என்றால் ஏழாண்டு வரை சிறை. எந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள் தெரியுமா? புனேயில் சிப்பாய்களை வீட்டுக்குள் அனுப்பிய அதே 1897 கொள்ளைநோய்ச் சட்டத்தை.

ஆயாவின் இடது கையில் இரண்டு அச்சுத் தழும்புகள் இருந்தன. குதிருக்குள் ஒளிந்தவளுக்கு அது எப்போது, யார் குத்தியது என்று நான் கேட்டுக்கொள்ளவேயில்லை.