கொள்ளி வைத்த கை

திருவொற்றியூரில் நான் குமாஸ்தாவாக இருக்கும் வங்கிக் கிளையில், காலமானவர்களின் கணக்குகளை முடித்துக் கொடுப்பது என் மேஜைக்கு வருகிற வேலை. மரணச் சான்றிதழும் நாமினியின் கையெழுத்தும் சரியாக இருந்தால் போதும். சில மதியங்களில் கடலோரத்திலுள்ள பட்டினத்தார் சமாதிவரை நடந்துவிட்டு வருவேன். எண்ணூர் விரைவுச்சாலையின் கன்டெய்னர் லாரிகளை மீறி அலைச்சத்தம் கேட்பது அபூர்வம்.

அங்கே அடங்கியிருப்பவர் யார் என்பதே சரித்திரப் பிரச்னைதான். 11ஆம் திருமுறையில் பட்டினத்துப் பிள்ளையார் பெயரில் ஐந்து பிரபந்தங்கள் உள்ளன. இவ்வூரைப் பாடும் 'திருவொற்றியூர் ஒருபா ஒருபது' அவற்றில் ஒன்று. அவர் காலம் 10ஆம் நூற்றாண்டையொட்டியது. உடம்பை இகழ்ந்தும் தாயின் சிதைமுன் அழுதும் பாடியவர், மொழிநடையை வைத்துப் பார்த்தால், சில நூற்றாண்டுகள் பிந்தியவர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் முடிவு. பேய்க்கரும்பு இனித்த இடம் என்ற ஐதீகம் இருவரையும் ஒரே சமாதியில் சேர்த்துவிட்டது. நான் பேசுவது பிந்தியவரை.

அவர் பாடல்களை நம் பண்டிதர்கள் 'நிலையாமை' என்று தலைப்பிட்டு மூடிவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. கிரேக்கத் தன்னுணர்ச்சிப் பாடல்களின் பக்கத்தில் வைத்தால் வேறொன்று தெரிகிறது.

கி.மு. 7ஆம் நூற்றாண்டின் மிம்னெர்மஸுக்கும், அவரையடுத்த ஸாஃப்போவுக்கும் தெய்வங்கள் சாகாதவர்கள், மனிதர்கள் சாகிறவர்கள். பக்தியால் இந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. இருவருமே தித்தோனஸ் கதையைத் தொட்டிருக்கிறார்கள். விடியலின் தேவதை காதலித்த அவனுக்குச் சாகாவரம் கிடைத்தது, இளமை கிடைக்கவில்லை. ஸாஃப்போவின் இந்தப் பாடல் 2004இல், கொலோன் நகரிலுள்ள பாப்பிரஸ் துண்டுகள் பிரசுரமான பிறகே ஏறக்குறைய முழு உருவம் பெற்றது. தளர்ந்த முழங்காலைச் சொல்லும் பாடல் அது. அப்பால் ஆறுதல் இல்லாததால் இவர்களுக்கு உடம்பே எல்லாம்.

பட்டினத்தாருக்கு அப்பால் சிவன் இருக்கிறான். அதனால் உடம்பு வெறும் புழுக்கூடு. அவர் கொள்கைப்படி தாயின் உடம்பும் அவ்வளவுதான். ஆனால் சிதைமுன் அவர் எண்ணிப் பார்ப்பது சுமந்த மாதங்களையும் பால் தந்த மார்பையும் தன்னைக் கொஞ்சிய வாயையும். அந்த வாய்க்குத்தான் இப்போது வாய்க்கரிசி. அவள் சிவனிடம் சேர்ந்தாளா என்பதைக்கூட ஓரிடத்தில் கேள்வியாகவே கேட்கிறார். தன்னை மறந்துவிட்டாளோ என்ற பயமும் அதில் இருக்கிறது. எல்லாம் சிவமயம் என்ற தேறுதல் பிறகு வருகிறது. அந்த இடைவெளியில் துறவி இல்லை, மகன் இருக்கிறான். அங்கே அவர் ஸாஃப்போவுக்கு வெகு அருகில் நிற்கிறார்.

போன வருஷம் என் அம்மாவுக்குக் கொள்ளி வைத்தபோது மயானத்தில் ஒரு பெரியவர் இப்பாடல்களைப் பாடினார். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. சிவமயம் என்னைத் தொடவில்லை. வாய்க்கரிசி வந்தபோது நிற்க முடியவில்லை. நம்பாதவனிடமும் இப்பாடல்கள் வேலை செய்வது, நம்பியவனே ஒரு கணம் திகைத்து நின்றதால்தான் என்று படுகிறது.