சுவரில் ஒட்டிய பாஷாணம்

பெயின்ட் கடையில் நிற்கிறீர்கள். ஷேடு கார்டில் மஞ்சள் கலந்த ஒரு பச்சை (கிளிப்பச்சை என்றே வைத்துக்கொள்ளுங்களேன்) உங்களைச் சுண்டி இழுக்கிறது. 'ஹாலுக்கு இதை அடிச்சா என்ன?' என்கிறீர்கள். 'ஐயோ, கண்ணு கூசும்!' என்று வீட்டில் எதிர்ப்பு. இன்றைக்குச் சண்டை அதோடு முடிந்துவிடும். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் லண்டனில் இதே பச்சை ஆளையே தீர்த்துக்கட்டியது!

அதுவரை பளிச்சென்ற பச்சை கிடைப்பது குதிரைக் கொம்பு. செம்புக் களிம்பிலிருந்து எடுத்த பச்சை, நாளடைவில் கறுத்துப் போகும். 1775-ல் ஷீலே என்ற ஸ்வீடன் நாட்டு மருந்துக் கடைக்காரர் (ஆக்ஸிஜனைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான அதே மேதைதான்) செம்போடு ஆர்செனிக்கைச் சேர்த்து ஒரு பச்சையை உருவாக்கினார். ஆர்செனிக் என்றால்... நம்ம ஊர் பாஷாணம்! 1814-ல் ஜெர்மனியில் இன்னும் பிரகாசமாக 'எமரால்டு பச்சை' வந்தது. அதிலும் பாஷாணமே.

ஐரோப்பா மயங்கிப் போனது. சுவரில் ஒட்டும் காகிதம், திரைச்சீலை, கவுன், பொம்மை, ஏன், மிட்டாயில்கூடப் பச்சை! லண்டனில் செயற்கைப் பூக்களின் இலைகளில் பச்சைப் பொடி தூவும் வேலை செய்தாள் மாடில்டா ஷூரர். வயது 19. 1861 நவம்பரில் அவள் இறந்தபோது எடுத்த வாந்தி பச்சை. கண்ணின் வெள்ளைப் பகுதியும் பச்சை.

அடுத்த வருடம், லைம்ஹவுஸ் பகுதியில் ஒரே குடும்பத்தில் நான்கு குழந்தைகள் வரிசையாகச் செத்துப் போனார்கள். முதலில் தொண்டை நோய் என்றார்கள். டாக்டர் ஆர்ட்டனுக்கு மட்டும் படுக்கையறைச் சுவரின் பச்சைக் காகிதம் மேல் சந்தேகம். விசாரணையில் ஜூரிகளின் தீர்ப்பு என்ன தெரியுமா? இயற்கை மரணம்!

சுவரில் இருக்கும் விஷம் உடம்புக்குள் எப்படிப் போகும்? ஈரச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது. அது பசையைத் தின்று, ஆர்செனிக்கை வாயுவாக மாற்றுகிறது. 1890-களில் இதைக் காட்டியவர் இத்தாலியரான கோசியோ. அந்த வாயு மட்டுமே கொல்லப் போதுமா என்று பிற்காலத்தில் சந்தேகம் கிளப்பினார்கள். காகிதத்திலிருந்து உதிர்ந்த தூசி இருக்கிறதே, அதுவும் லேசுப்பட்டதல்ல. (செயின்ட் ஹெலினாவில் நெப்போலியன் தங்கிய வீட்டின் காகிதத் துணுக்கிலும் ஆர்செனிக் இருந்ததாக 1982-ல் தெரிய வந்தது. ஆனால், அவரைக் கொன்றது வயிற்றுப் புற்றுநோய் என்பதே பெரும்பாலோர் கருத்து.)

எனக்கு உறுத்துவது வேறொருவர் விஷயம். வில்லியம் மாரிஸ்! இன்றும் உலகம் கொண்டாடும் பூவேலைச் சுவர்க் காகிதங்களை வடிவமைத்தவர். தொழிலாளர்களுக்காகக் குரல் கொடுத்த சோஷலிஸ்ட். அவருடைய குடும்பப் பணம் வந்தது 'டெவன் கிரேட் கன்சோல்ஸ்' என்ற செம்புச் சுரங்கத்திலிருந்து. ஒரு கட்டத்தில் உலகிலேயே அதிகம் ஆர்செனிக் எடுத்த சுரங்கங்களில் அது ஒன்று. 1871-லிருந்து 1875 வரை மாரிஸே அதன் இயக்குநர்களில் ஒருவர்.

1885-ல் எழுதிய கடிதத்தில் அவர், ஆர்செனிக் பயமெல்லாம் முட்டாள்தனம், டாக்டர்களுக்குச் சூனியக்காரி பீதி மாதிரி ஏதோ பிடித்துவிட்டது என்று கிண்டல் செய்தார். பிரிட்டிஷ் அரசும் அந்தக் காகிதத்தைத் தடை செய்யவில்லை. 'விஷமில்லாததாக் குடுங்க' என்று மக்களே கடைகளில் கேட்க ஆரம்பித்த பிறகு, கம்பெனிகள் தாமாக மாறின.

2003-ல் ஆண்டி மெஹார்க் என்ற விஞ்ஞானி, மாரிஸின் ஆரம்பகாலக் காகிதம் ஒன்றைப் பரிசோதித்தார். ரோஜாக் கொடி படர்ந்த அழகான டிசைன். அதிலிருந்த பச்சையில் செம்பும் இருந்தது, ஆர்செனிக்கும் இருந்தது.