நடுராத்திரியில் எழுப்பிவிடும் செல்ல நாய்: பழக்கிவிட்டது யார்? தூக்கத்தை மீட்பது எப்படி?

நள்ளிரவு 2 மணி. கட்டிலுக்கு நடுவே 5 கிலோ பொமரேனியன் குறுக்காகப் படுத்திருக்கிறது. ஒரு ஓரத்தில் கணவர், மறு ஓரத்தில் மனைவி. தெருவில் எங்கோ ஒரு நாய் குரைக்கிறது. அவ்வளவுதான், நம்ம ஆள் எழுந்து பதிலுக்குப் பத்து நிமிஷம் கச்சேரி. அது ஓய்ந்து கண் அசந்தால், 4 மணிக்கு ஈர மூக்கால் முகத்தைத் தள்ளி பிஸ்கட் கேட்கிறது. 6 மணிக்கு அலாரம் அடிக்கிறது.

பொமரேனியன், பக், ஷிட்ஸு, டாஷ்ஹண்ட் வளர்க்கும் பல வீடுகளில் இதுதான் தினசரி நிலவரம். ஆரம்பத்தில் சிரிப்பாக இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் அரைகுறைத் தூக்கத்தோடு பைக் ஓட்டி வேலைக்குப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை. பக்கத்து ஃபிளாட்டிலிருந்து புகார் வரும், வீட்டுக்குள்ளேயே சண்டை வரும். கடைசியில் "யாருக்காவது கொடுத்துடலாமா?" என்ற பேச்சும் வந்துவிடும். அந்த நிலைக்குப் போகும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை.

"சின்னது தானே, விடுங்க"

30 கிலோ லாப்ரடார் கட்டிலில் ஏறி உறுமினால் அன்றைக்கே பயிற்சியாளரைத் தேடுவோம். அதையே 4 கிலோ நாய் செய்தால் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்போம். பிரச்னையின் வேர் பெரும்பாலும் இங்கேதான்.

இது வெறும் ஊகம் இல்லை. வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆஸ்திரியாவில் நாய் வளர்க்கும் 1,276 பேரிடம் கருத்து கேட்டு, 2010-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். சிறிய நாய்கள் சொன்ன பேச்சைக் குறைவாகக் கேட்பதாகவும், எளிதில் கிளர்ச்சி அடைவதாகவும் உரிமையாளர்களே சொல்லியிருந்தார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சின்ன நாய் வைத்திருப்பவர்கள் பயிற்சி கொடுப்பது குறைவு, ஒரே விதியை நாள்தோறும் கடைப்பிடிப்பதும் குறைவு. அடிக்கடி தண்டிக்கப்படும் சின்ன நாய்களிடம் பயமும் பதற்றமும் கூடுதலாக இருந்ததும் பதிவாகியிருக்கிறது. ஆக, செய்தித்தாளைச் சுருட்டி ஒரு அடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பயந்த நாய் இன்னும் அதிகமாகத்தான் குரைக்கும்.

செல்லம் கொடுப்பது நம்ம ஊர் வழக்கம் மட்டும் இல்லை. பிரிட்டனின் விக்டோரியா மகாராணி பொமரேனியன் பிரியர். இந்த இனம் இன்றைய குட்டி உருவத்துக்கு வந்ததில் அவருக்கும் பங்கு உண்டு. 1901 ஜனவரியில் அவர் மரணப் படுக்கையில் இருந்தபோது 'டுரி' என்ற அவரது பொமரேனியனும் அருகே இருந்தது. அரண்மனையிலேயே கட்டிலில் இடம் கிடைத்திருக்கிறது, ஃபிளாட்டில் கிடைக்காதா என்ன!

நாய் ஏன் ராத்திரி இத்தனை முறை விழிக்கிறது?

மனிதர்கள் ராத்திரி ஒரே நீட்டாகத் தூங்குபவர்கள். நாய் அப்படி இல்லை, துண்டு துண்டாகத் தூங்கும். ஆஸ்திரேலியாவில் 1990-களில் நடந்த ஓர் ஆய்வில், இரவில் நாய்கள் சராசரியாக 16 நிமிடம் தூங்கி 5 நிமிடம் விழித்திருந்தது தெரியவந்தது. விழிப்பது அதன் இயல்பு. விழித்ததும் நம்மை எழுப்புவதுதான் கற்றுக்கொண்ட பழக்கம்.

கற்றுக்கொடுத்தது நாம்தான். நாய் முனகுகிறது, நாம் எழுந்து தடவுகிறோம். இன்னொரு நாள் சத்தம் தாங்காமல் ஒரு பிஸ்கட் கொடுக்கிறோம். ஒன்பது நாள் கண்டுகொள்ளாமல் இருந்துவிட்டு, பத்தாவது நாள் மனசு கேட்காமல் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை ரொம்பக் கெட்டியாக்கும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் விலங்குகளை வைத்தே காட்டினார். லாட்டரிச் சீட்டு வாங்குபவர் விடாமல் வாங்குவதும் இதே கணக்குதான்.

கூடவே படுக்க வைக்கலாமா, கூடாதா?

அமெரிக்காவின் மாயோ கிளினிக் 2017-ல் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டது. தூக்கக் கோளாறு இல்லாத 40 பேருக்கும் அவர்களுடைய நாய்களுக்கும் அசைவைப் பதிவு செய்யும் கருவியைக் கட்டி, 7 இரவுகள் கண்காணித்தார்கள். படுக்கையில் இருக்கும் நேரத்தில் எவ்வளவு நேரம் உண்மையில் தூங்குகிறோம் என்பதுதான் கணக்கு. நாய் அறைக்குள், ஆனால் கட்டிலுக்கு வெளியே படுத்தபோது அது சுமார் 83%. கட்டில் மேலேயே படுத்தபோது சுமார் 80%.

வித்தியாசம் பெரிதில்லை என்பது உண்மைதான். ஆனால் அறையை விட்டே துரத்த வேண்டியதில்லை, கட்டிலை விட்டு இறக்கினால் போதும் என்பது நல்ல செய்தி. கதவுக்கு வெளியே அடைத்தால் பிறாண்டிக்கொண்டே இருக்கும் நாய்களுக்கு இது பெரிய நிம்மதி. கட்டிலில் இருந்து குதிப்பதைத் தவிர்ப்பது, முழங்கால் சில்லு நழுவும் தொல்லை அதிகம் உள்ள இந்தச் சின்ன இனங்களுக்கும் நல்லது.

சரி, என்ன பண்ணலாம்?

முதல் வேலை, வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சில் நிற்பது. அப்பா கண்டிக்க, பாட்டி ரகசியமாக ரஸ்க் கொடுத்தால் எதுவும் நடக்காது.

நாயின் மெத்தையைக் கட்டிலுக்கு ஒட்டியே கீழே போடுங்கள். நீங்கள் உடுத்திய பழைய பனியன் அல்லது நைட்டியை அதில் விரிக்கலாம், உங்கள் வாசனை இருந்தால் சீக்கிரம் அடங்கும். முதல் சில நாள் கையைக் கீழே தொங்கவிட்டுக்கூடப் படுக்கலாம். கட்டிலில் ஏறினால் திட்டாமல், பேசாமல் இறக்கிவிடுங்கள். எத்தனை முறை ஏறினாலும் இதேதான். மெத்தையிலேயே படுத்திருக்கும்போது மட்டும் பாராட்டு.

இரண்டாவது, மூன்றாவது நாளில் சத்தம் குறையாமல் கூடலாம். இதுவரை வேலை செய்த தந்திரம் திடீரென்று பலிக்காதபோது நாய் இன்னும் பலமாக முயற்சி செய்யும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அந்த வாரம் பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. சனி, ஞாயிறு விடுமுறை வரும்படி ஆரம்பித்தால் இன்னும் நல்லது.

பகலெல்லாம் ஏசி அறையில் சோபாவில் தூங்கிய நாய்க்கு ராத்திரி தூக்கம் எப்படி வரும்? வெயில் தணிந்த பிறகு சாயங்காலம் அரை மணி நேரம் நடக்க விடுங்கள். நாய்க்கு முகர்ந்து பார்ப்பதே பெரிய வேலை, அதை அவசரப்படுத்தாதீர்கள். படுக்கும் முன் கடைசியாக ஒரு முறை சிறுநீர் கழிக்கக் கூட்டிப் போங்கள். தெரு நாய்ச் சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்தி ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைத்தாலே பாதி குறையும். காலையில் எழுந்த உடனே சாப்பாடு வைக்காமல் கொஞ்ச நேரம் கழித்து வையுங்கள். இல்லையென்றால் 'இவரை எழுப்பினால் சோறு' என்று நாய் கணக்குப் போட்டுவிடும்.

மூன்று, நான்கு மாதக் குட்டிகளுக்கு இந்தக் கண்டிப்பு வேண்டாம். அவற்றால் ராத்திரி முழுக்கச் சிறுநீரை அடக்க முடியாது. மிகச் சின்ன இனக் குட்டிகள் நெடுநேரம் பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

இது செல்லம் இல்லை, நோயாக இருக்கலாம்

நன்றாகத் தூங்கிய நாய் திடீரென்று ராத்திரி எழ ஆரம்பித்தால், பயிற்சியை ஒத்திவைத்துவிட்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வாத்து கத்துவது போன்ற வறட்டு இருமல் இருந்தால் மூச்சுக்குழாய் சுருங்கும் நோயாக இருக்கலாம். பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர் போன்ற இனங்களில் இது சகஜம். வயதான சின்ன நாய்களில் இருமலும் மூச்சு வாங்குவதும் இதய வால்வு கோளாறின் அறிகுறியாகவும் இருக்கலாம். பக் குறட்டை விடுவது அழகு இல்லை, மூச்சுப் பாதை குறுகலாக இருப்பதன் சத்தம் அது. அதிகமாகத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழித்தால் சர்க்கரை, சிறுநீரகப் பரிசோதனை தேவைப்படும்.

நாய் தூங்கட்டும் என்று வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையையோ பாராசிட்டமாலையோ கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் நாயின் கல்லீரலைப் பாதிக்கும். சில மெலடோனின் மிட்டாய்களில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால் நாய்க்கு விஷம்.

பத்து வயதைத் தாண்டிய நாய் பகலில் தூங்கி, ராத்திரி வீட்டைச் சுற்றி வந்து, சுவரைப் பார்த்து நின்று குரைத்தால் அது முதுமை மறதியாக இருக்கலாம். அதைக் கண்டுகொள்ளாமல் விடுவது தீர்வாகாது. ஒரு சின்ன நைட் லேம்ப், இடம் மாறாத மெத்தை, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் உதவும். மருந்துகளும் இருக்கின்றன. மருத்துவரிடம் போகும்போது ராத்திரி நடந்ததைச் செல்போனில் வீடியோ எடுத்துச் செல்லுங்கள். கிளினிக் மேஜையில் ஏறியதும் முக்கால்வாசி நாய்கள் ஒன்றுமே தெரியாதது போல நின்றுகொண்டிருக்கும்.