புயல் நட்டக் கணிப்பும் முதலீடும்: ஆண்ட்ரூ சூறாவளிக்குப் பிந்தைய அமெரிக்க அனுபவம் (1992–2021)

முன்னுரை

முதலீட்டாளர்கள் காலநிலைத் தகவல்களைக் கொண்டு இடரை அளவிடும் வழக்கத்தை 2015ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்பாட்டை ஒட்டி எழுந்த புதுமையாகக் கருதும் போக்கு உண்டு. அதன் வேர்கள் கால் நூற்றாண்டுக்கு முற்பட்ட ஃபுளோரிடாவின் காப்பீட்டுச் சந்தையில் உள்ளன. அறிவியல் வளர்ச்சியைவிடப் பெருநட்டமே இவ்வழக்கத்தை நிலைபெறச் செய்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

சராசரியும் கணினியும்

1980களில் காப்பீட்டு நிறுவனங்கள் கடந்த சில பத்தாண்டுகளில் வழங்கிய இழப்பீடுகளின் சராசரியைக் கொண்டே புயலுக்கான கட்டணத்தை வகுத்தன. அக்காலத்தில் தென் ஃபுளோரிடாவைப் பெரும்புயல்கள் அரிதாகவே தாக்கின. கடற்கரையிலோ வீடுகள் பெருகிக்கொண்டிருந்தன. இதனால் உண்மையான இடர் ஏற ஏற, சராசரி தாழ்வாகவே நின்றது. கேரன் கிளார்க் 1986இல் வெளியிட்ட ஆய்வுரை மாற்று வழியொன்றை முன்வைத்தது. பதிவான புயல்களின் வலிமை, பாதை, கரை கடந்த இடம் ஆகியவற்றிலிருந்து நிகழ்தகவுப் பரவல்களை அமைத்து, ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களைக் கணினியில் உருவாக்கி, இன்றுள்ள கட்டடங்கள்மீது அவற்றைச் செலுத்திப் பார்ப்பதே அவ்வழி. இதற்குக் காப்பீட்டுத் துறையிலேயே வானிலையாளர் டான் ஃபிரீட்மன் முன்னோடியாக இருந்தார். 1987இல் கிளார்க் ஏ.ஐ.ஆர். நிறுவனத்தைத் தொடங்கினார்; ஆயினும் அதன் எண்களைப் பலர் பொருட்படுத்தவில்லை.

1992 ஆகஸ்ட் 24 அன்று ஆண்ட்ரூ கரை கடந்தது. சில மணி நேரத்திலேயே, காப்பீட்டு நட்டம் 1,300 கோடி டாலரைத் தாண்டக்கூடும் என ஏ.ஐ.ஆர். தொலைநகல் அனுப்பியது. 1989இன் ஹியூகோ புயலில் ஏற்பட்ட ஏறத்தாழ 400 கோடி டாலரே அதுவரை கண்ட உச்சம் என்பதால் இது மிகையாகத் தோன்றியதில் வியப்பில்லை. இறுதிக் கணக்கு 1,550 கோடி டாலர். பத்துக்கும் மேற்பட்ட காப்பீட்டு நிறுவனங்கள் நொடித்தன.

பேரிடர்ப் பத்திரங்கள்

மறுகாப்பீட்டுச் சந்தையின் மூலதனம் மட்டும் போதாது என்பது தெளிவானதும் பொது முதலீட்டாளரின் பணம் நாடப்பட்டது. 1997இல் யு.எஸ்.ஏ.ஏ. நிறுவனத்திற்காக ரெசிடென்ஷியல் ரீ வழியே 47.7 கோடி டாலருக்குப் பத்திரங்கள் விற்கப்பட்டன. ஒரு பெரும்புயலால் அந்நிறுவனத்தின் நட்டம் 100 கோடி டாலரைக் கடந்தால், இடரேற்ற பிரிவினர் அசலையே இழக்கக்கூடும். புயல் வராவிடில் உயர்ந்த வட்டி. பத்திரம் வாங்கியவர் வானிலை அறிந்தவர் அல்லர்; மாதிரி தந்த நிகழ்தகவே அவருக்கு அறிவாயிற்று. 2005இல் கத்ரினா, 19 கோடி டாலர் மதிப்புள்ள காம்ப் ரீ பத்திரத்தின் அசலில் பெரும்பகுதியை விழுங்கியது.

எந்தக் காலநிலை?

இவ்வரலாற்றில் மிகுந்த கவனத்திற்குரியது 2006ஆம் ஆண்டு நிகழ்வு. நீண்டகாலப் பதிவின் சராசரி இனிப் பொருந்தாது எனக் கருதிய ஆர்.எம்.எஸ். நிறுவனம், அறிவியலாளர் சிலரின் மதிப்பீட்டைத் திரட்டி, அடுத்த ஐந்தாண்டுக்கான புயல் எண்ணிக்கையை உயர்த்திக் கணித்தது. ஃபுளோரிடாவிலும் வளைகுடாக் கரையிலும் எதிர்பார்ப்பு நட்டம் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது. மறுகாப்பீட்டு விலைகளும் ஏறின. ஆனால் 2005 அக்டோபரின் வில்மாவுக்குப் பின் 2017 ஆகஸ்டின் ஹார்வி வரை மூன்றாம் வகையிலோ அதற்கு மேலோ அமைந்த புயல் எதுவும் அமெரிக்கப் பெருநிலத்தில் கரை கடக்கவில்லை. கடல்வெப்பம் உயர்வதால் இடர் கூடும் என்னும் பொதுக்கூற்றை இது பொய்யாக்கிவிடாது. ஆயினும் ஐந்தாண்டு எல்லைக்குள் ஒரே கடற்கரையின் புயல் எண்ணிக்கையைச் சொல்லும் அளவுக்கு அக்கூற்று கூர்மையானதன்று. விலை அறிவியலை முந்திச் சென்றது எனலாம்.

1995இல் ஃபுளோரிடா அமைத்த புயல் நட்டக் கணிப்பு முறைமை ஆணையம் இங்கு ஓர் அணையாக நின்றது. வீட்டுக் காப்பீட்டுக் கட்டணத்தை வகுக்க நீண்டகாலப் பதிவு சார்ந்த மாதிரிகளையே அது ஏற்றது. மறுகாப்பீட்டாளர் ஒரு கணிப்பையும் குடும்பங்கள் வேறொரு கணிப்பையும் ஒட்டி விலை கொடுக்கும் நிலை இவ்வாறு உருவானது.

2019இல் மூடிஸ் நிறுவனம், காலநிலை இடருக்கு மதிப்பெண் வழங்கும் ஃபோர் ட்வென்டி செவனில் பெரும்பங்கை வாங்கியது. 2021இல் சுமார் 200 கோடி டாலருக்கு ஆர்.எம்.எஸ்.ஸையும் வாங்கியது. புயல் மாதிரி இதனால் காப்பீட்டு எல்லையைக் கடந்து கடன் தரமதிப்பீட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றது. கடனுக்கும் முதலீட்டிற்கும் விற்கப்படும் இத்தகைய மதிப்பெண்களைத் திறந்து சோதிக்க, ஃபுளோரிடா ஆணையத்தை ஒத்த பொது அமைப்பு எதுவும் 2021 வரை அமெரிக்காவில் ஏற்படுத்தப்படவில்லை.