தேக்கும் பம்பாய்த் துறையும்

செம்பூரிலிருந்தும் வடாலாவிலிருந்தும் கோட்டைப் பகுதிக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர் பலர், துறைமுக ரயில் பாதையில் ரே ரோடு, டாக்யார்டு ரோடு என்னும் இரு நிலையங்களை நாள்தோறும் கடக்கின்றனர். ரே ரோட்டின் கிழக்கே தாருகானாவில் லக்டி பந்தர் என்றொரு சாலை உண்டு. லக்டி என்றால் மரம். பந்தர் என்றால் துறை. மரத்துறை என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். இந்நகரம் மரத்தாலும் கப்பலாலும் வளர்ந்தது என்பதற்கு இப்பெயர்களே சான்று. அம்மரத்தில் ஒரு பகுதி நம் ஆனைமலையிலிருந்து இறங்கி வந்தது என்பதை மும்பைத் தமிழருள் அறிந்தவர் சிலரே. அக்கதையினுள் மற்றொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. மரத்தை அறுப்பது எளிது; உலர்த்துவதே அரிது என்பது அச்செய்தி.

1736ஆம் ஆண்டில் லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா என்னும் பார்சித் தச்சர் தம் தொழிலாளர் சிலருடன் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தார். 1750இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே உலர்துறை ஒன்றை அமைத்தது. கப்பலை உள்ளே நிறுத்தி, நீரை வெளியேற்றிவிட்டு, அடிமரம் வரை பழுது பார்க்க உதவும் கல்தொட்டியே உலர்துறை. ஆசியாவில் இத்தகையது இதுவே முதலாவது என்பர். வாடியா குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாக இத்தளத்தின் தலைமைத் தச்சராயினர். 1810இல் 'மிண்டன்', 1813இல் 'கார்ன்வாலிஸ்', 1815இல் 'வெல்லெஸ்லி', 1817இல் 'டிரிங்கோமலி' என்று பிரிட்டிஷ் கடற்படைக்கு இங்கிருந்து போர்க்கப்பல்கள் இறங்கின. கடைசியாகச் சொன்னது ஈழத்துத் திருகோணமலையின் பெயரைத் தாங்கிய கப்பல். ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா அதை மலையாளக் கரைத் தேக்கினால் கட்டினார். இன்றும் அது இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் நீரில் மிதந்தவாறு காட்சிப் பொருளாக நிற்கிறது. 'கார்ன்வாலிஸ்' 1957இல்தான் உடைக்கப்பட்டது. அதன் வயது அப்போது 144.

இதற்கு மாறான காட்சி ஒன்றை இங்கிலாந்திலேயே காண்கின்றோம். 'மிண்டன்' பம்பாயில் நீரில் இறங்கிய அதே 1810இல், டெப்ட்ஃபோர்டு துறையில் 'குவீன் சார்லட்' என்னும் பெரும் போர்க்கப்பல் இறக்கப்பட்டது. கடற்பணிக்குச் செல்லுமுன்னரே அதன் மரங்கள் உளுத்துப் போயிருக்கக் கண்டனர். பெருஞ்செலவில் அதைப் புதுப்பிக்க நேர்ந்தது. நெப்போலியனோடு நிகழ்ந்த போரின் அவசரத்தில், உலராத பச்சை மரத்தை அறுத்துக் கப்பலில் பொருத்தியதும், உள்ளே காற்றோட்டம் இல்லாததும் அதற்குக் காரணங்கள். தேக்கு இயல்பாகவே எண்ணெய்ப் பசையுடையது. செல்லும் பூஞ்சையும் அதை எளிதில் தீண்டா. ஆனால் பம்பாய்க் கப்பல்களின் ஆயுளுக்கு மரத்தின் குலம் மட்டுமே காரணமன்று. காலமும் காரணம் எனலாம்.

எவ்வாறு எனில், பச்சைத் தேக்குக் கட்டை பெரும்பாலும் நீரில் மூழ்கும். மூங்கிலைத் துணையாகக் கட்டினால்தான் மிதக்கும். எனவே பர்மாக் காடுகளில், மரத்தை வெட்டுவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாகச் செதுக்கி, நின்ற நிலையிலேயே பட்டுப்போகச் செய்வர். ஆறு ஈர மரத்தை ஏற்பதில்லை. அதனால் உலர்ந்த பின்னரே மரம் காட்டைவிட்டுப் புறப்பட்டது. மேற்குக் கரையிலும் யானை இழுத்து, மழைவெள்ளத்துக்குக் காத்திருந்து, ஆற்றில் மிதந்து, கடற்கரையில் கிடந்து, பாய்க்கப்பலில் ஏறி வந்த மரம் பம்பாயில் வாளைக் காண்பதற்குள் பல பருவங்கள் கழிந்திருக்கும். வழியின் தாமதமே மரத்துக்கு மருந்தாயிற்று.

உலர்தல் என்பது யாது? தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் வகுக்கிறது. அகத்தே வயிரம் பாய்ந்த மரத்திலும் வெட்டும்போது நீர் நிறைந்திருக்கும். அந்நீர் இருவகைப்படும். மர நுண்ணறைகளின் குழியில் தேங்கிய நீர் முதலில் வெளியேறும்; அதனால் எடை குறையுமேயன்றி அளவு மாறாது. ஈரம் ஏறத்தாழ 28 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது நுண்ணறைச் சுவரில் பிணைந்த நீர் வெளியேறத் தொடங்கும். அப்போதுதான் மரம் சுருங்கும். வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய சுருக்கத்தைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வே கோணலுக்கும் முறுக்குக்கும் வெடிப்புக்கும் மூலம். பச்சைப் பலகையில் கதவு செய்தால், அது சுவரில் ஏறிய பின்னர் உலர்ந்து கோணுகிறது.

மரத்தின் காலத்துக்கு யாரேனும் விலை கொடுத்தே ஆகவேண்டும். கப்பல் தளத்தின் பசிக்கு அந்நாளில் விலை கொடுத்தவர் காட்டருகே வாழ்ந்தவர்கள். 1806இல் கம்பெனி காப்டன் வாட்சன் என்பவரை மலபாருக்கும் திருவிதாங்கூருக்கும் வனப் பாதுகாவலராக நியமித்தது. அடுத்த ஆண்டில் தேக்கின் மீது அரசுக்கே உரிமை என்று அறிவித்தது. தம் நிலத்து மரத்தைத் தாமே வெட்டி விற்க இயலாமற் போன உரிமையாளரும் வணிகரும் முறையிட்டனர். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1823இல் அப்பதவியை ஒழித்தார். ஆனால் காடு அதற்குள் மெலிந்திருந்தது. 1840களில் மலபார் ஆட்சியர் கொனோலி நிலம்பூரில் தேக்கு நடத் தொடங்கினார். விதை முளைக்க மறுத்தபோது பல முறைகளைச் சோதித்து நாற்று வளர்த்த பெருமை சாத்து மேனோனையும் சாரும். கப்பலுக்காக நட்ட அக்கன்றுகள் முதிர்வதற்குள் கப்பல்கள் இரும்பாகிவிட்டன!

அதே 1840களின் இறுதியில்தான் பம்பாய்த் தளத்துக்குத் தேக்கு அனுப்பும் பொருட்டு லெப்டினன்ட் மைக்கேல் ஆனைமலைக் காட்டுக்கு அனுப்பப்பட்டார். காடரும் மலசரும் வழிகாட்டினர், யானைகள் இழுத்தன. மலை உச்சியிலிருந்து கட்டைகளைச் சரித்துவிட்ட இடமே இன்று நாம் டாப் ஸ்லிப் என்று அழைக்கும் ஊர். 1853இல் பம்பாயிலிருந்து தாணேவுக்கு ரயில் ஓடத் தொடங்கியபின், தண்டவாளக் கட்டைகளின் தேவையும் காட்டின் மீது ஏறியது. 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலரான கிளெக்ஹார்ன் ஆனைமலையை நேரிற் கண்டு, வெட்டுதலுக்கு வரம்பு வேண்டும் என்று வற்புறுத்தினார்.

பிறகு இயந்திர வாள் வந்தது. முன்னர் அறுப்புக் குழியின் மேல் ஒருவரும் கீழ் ஒருவருமாக நின்று நாள் முழுதும் இழுத்த வேலையை, வட்ட வாளும் பட்டை வாளும் சில நிமிடங்களில் முடித்தன. லாரி வந்தது, ஆற்றுக்குக் காத்திருக்கும் தேவையும் ஒழிந்தது. வெட்டிய சில நாள்களிலேயே கட்டை வாளுக்கு வந்துவிடுகிறது. வழியில் தானாகக் கிடைத்த உலர்காலம் இவ்வாறு மறைந்தது. அக்காலத்தை இப்போது மரவாடியிலேயே ஏற்படுத்தியாக வேண்டும்.

சிறிய அறுவை ஆலை தொடங்க எண்ணுவோர் வாளின் விலையை முதலில் கணக்கிடுகின்றனர். அதைவிட முதன்மையானது, பலகை அடுக்குவதற்கான இடம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் மேடை, பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரே கனமுள்ள ரீப்பர்கள், அவையும் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோட்டில், வெயிலும் மழையும் படாத கூரை, காற்றுப் புகுந்து வெளியேறத் திறந்த பக்கங்கள், மேலே பாரம். பலகையின் முனைகள் விரைவாக உலர்ந்து வெடிப்பதால் அங்கே வண்ணமோ மெழுகோ பூசவேண்டும். ஈரத்தை அறியும் வழியும் எளியது. ஒரு துண்டை நிறுத்து, நீரின் கொதிநிலைக்குச் சற்று மேலான வெப்பத்தில் எடை மாறாத வரை உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். 1,200 கிராம் இருந்த துண்டு 1,000 கிராம் ஆயின், ஈரம் 20 விழுக்காடு.

மும்பையில் இதற்குத் தனிக் கவனம் தேவை. ஆடி ஆவணியில் இங்குள்ள கதவுகள் பருத்து மூட மறுப்பதையும், மாசி பங்குனியில் தாமே தளர்வதையும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் அறியாத வீடில்லை. மரம் காற்றின் ஈரத்துக்கேற்பத் தன் ஈரத்தை மாற்றிக்கொண்டே இருப்பது. ஆதலால்தான் நம் நாட்டுத் தர நிர்ணயம், காற்றின் ஈரத்தைக் கொண்டு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வேலைக்கு எவ்வளவு ஈரம் தகும் என்று வகுத்திருக்கிறது. ஓர் அங்குலப் பலகை காற்றில் உலரச் சில மாதங்கள் வேண்டும். உலர்த்துசூளையில் அதனினும் விரைவில் உலர்த்தலாம். ஆனால் வெப்பத்தையும் ஈரத்தையும் அளவாக ஆளத் தெரியாவிடில் பலகையின் மேற்புறம் இறுகி உட்புறம் பிளக்கும்.

இங்கேதான் சிறு முதலாளியின் இடர்ப்பாடு. அடுக்கில் கிடக்கும் பலகை முடங்கிய பணம். இந்நகரில் அடிக்கணக்கில் விலை பேசப்படும் நிலத்தில் மரவாடிக்கு இடம் வாங்குவதோ பெரும்பாடு. எனவே பச்சையாகவே விற்றுவிடத் தோன்றும். அவ்வாறு விற்றால், ஆலையாளர் தவிர்த்த வட்டியை, கோணிய கதவாலும் வெடித்த அலமாரியாலும் வாங்கியவர் கட்டுகிறார். வாங்குவோர் ஈரத்தை அறிந்து கேட்டு, உலர்ந்த மரத்துக்குரிய விலையைக் கொடுக்க முன்வந்தால்தான் நேர்மையான ஆலை நிலைக்கும்.

காட்டின் கணக்கும் இதனுடன் சேர்ந்ததே. நிலம்பூர்க் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு, நீலகிரியின் கூடலூர்க் காடுகள் அழிவதைத் தடுக்க 1995இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1996 டிசம்பர் 12ஆம் நாள் பிறந்த ஆணை நாடெங்கும் காடு வெட்டுதலையும் காட்டினுள் இயங்கிய அறுவை ஆலைகளையும் நிறுத்தியது. இன்று உரிமம் இன்றி எவ்விடத்தும் ஆலை தொடங்க இயலாது. 2016இல் மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளின்படி மாநில அளவிலான குழுக்கள் அனுமதியைப் பரிசீலிக்கின்றன. தேக்கு நட்ட நிலம்பூரிலிருந்தே காட்டைக் காக்கும் குரலும் எழுந்தது நினைக்கத்தக்கது.

நன்கு உலர்ந்த ஒரு பலகை இரண்டு மூன்று தலைமுறைக்கு உழைக்கும். பச்சையாகப் பொருத்தியது சில ஆண்டுகளில் மற்றொரு மரத்தைக் கேட்கும். உலர்த்தும் பொறுமை தொழிலின் சிறப்பு மட்டுமன்று. அது காட்டுக்கு நாம் செலுத்தும் கடன். ஆனைமலையில் தன் வயதையெல்லாம் நின்று வளர்ந்த மரத்துக்கு, அடுக்கில் சில மாதங்கள் கொடுப்பது மிகையாகாது.